சிங்கத்துக்கு அம்மா எழுதிய பதில்

என் அம்மா சலவைக் கடையில் துணி தேய்க்கிறாள். ஒரு கையில் இஸ்திரிப் பெட்டி, இன்னொரு கையில் யாருடைய சட்டையாவது இருக்கும். அதனால் அவள் இணையத்தில் போடும் சண்டைகளை எல்லாம் போனில் எழுதித் தருவது என் வேலை. பள்ளிக்கூடம் விட்டதும் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன்.

இந்த வாரச் சண்டை ஒரு சினிமாவைப் பற்றியது. அதில் கதாநாயகி, கணவனையும் மகளையும் விட்டுவிட்டு வேலைக்காக வெளியூர் போகிறாள். போனது சரிதான் என்பது அம்மாவின் கட்சி. தப்பு என்பது 'சிங்கம்' என்ற பெயரில் எழுதும் ஒருவரின் கட்சி. அவர் யார், எந்த ஊர், ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. ஆனால் மூன்று நாளாகச் சண்டை மட்டும் ஓயவில்லை.

"என்ன போட்டிருக்கான் அந்தச் சிங்கம்?" என்றாள் அம்மா.

"வேலைக்குப் போற அம்மாக்களுக்குப் பிள்ளைமேல பாசமே கிடையாதாம்" என்றேன்.

அம்மாவின் முகம் வாடிவிட்டது. காலையிலிருந்து கால் கடுக்க நிற்கிறவள் அவள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"எழுதுடி! 'உன்னை மாதிரி ஆளோட எவ இருப்பா? உன் பொண்டாட்டியும் ஒருநாள் உன்னை விட்டுட்டுப் போயிடுவா, பாரு.'"

விறுவிறுவென்று எழுதினேன். அனுப்பப் போகும்போது சிங்கத்திடமிருந்து ஒரு வரி வந்தது.

'கொஞ்சம் இருங்க. அப்பா கையெல்லாம் கிரீஸ். கழுவிட்டு வந்து மிச்சத்தைச் சொல்றாங்களாம்.'

அனுப்பாமல் விரலை எடுத்துவிட்டேன். அங்கேயும் ஒரு பிள்ளைதான் எழுதுகிறது! அப்படியென்றால், நான் அனுப்புவதை அப்பாவுக்குப் படித்துக் காட்டப் போவதும் அந்தப் பிள்ளைதானே?

"அனுப்பிட்டியா?"

"இரும்மா" என்று சொல்லிவிட்டு, எழுதியதை முழுசாக அழித்தேன். 'நானும் எங்க அம்மாவுக்கு எழுதித் தர்ற ஆள்தான். உங்க அப்பாவுக்கு ஏன் இவ்வளவு கோபம்?' என்று கேட்டேன்.

'எங்க அம்மா வேலைக்கு வெளியூர் போய் ரெண்டு மாசம் ஆச்சு. அந்தப் படம் பார்த்ததிலிருந்து அப்பா சரியாவே சாப்பிடலை. அம்மா போன் பண்ணினாலும் எடுக்கறதில்லை. எனக்குப் பயமா இருக்கு.'

போனை அம்மாவிடம் நீட்டினேன். "நீ சொன்னதை அனுப்பலைம்மா. பாவம், அந்தப் பிள்ளைதானே அதைப் படிக்கணும்?"

திட்டு விழும் என்றுதான் நினைத்தேன். அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். இரண்டு தடவை படித்தாள். போனைத் திருப்பித் தராமல், ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி அவளே எழுதினாள். அதற்குள் துணி வாங்க வந்த மூன்று பேர் வரிசையில் நின்றுவிட்டார்கள்.

'அண்ணே, வேலை செய்யற நேரமெல்லாம் எனக்கு என் பொண்ணு நினைப்புதான். அங்க உங்க வீட்டம்மாவுக்கும் அப்படித்தான் இருக்கும். அவங்க போனை எடுங்க. சண்டையை நாளைக்கு வெச்சுக்கலாம்.'

பதிலே இல்லை. நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுப்பாடத்தில் இரண்டு கணக்கைத் தப்பாகப் போட்டேன். கடை மூடும் நேரத்தில்தான் வந்தது.

'அப்பாவே அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினாங்க. அப்புறம் நானும் பேசினேன். இப்போ ரெண்டு பேரும் சாப்பிடறோம். ஆனா, அந்தக் கதாநாயகி செஞ்சது தப்புதானாம்.'

"பிடிவாதத்தைப் பாரேன்! நாளைக்கு இருக்கு அந்தச் சிங்கத்துக்கு" என்று சிரித்துக்கொண்டே அம்மா கடைசிச் சட்டையை மடித்தாள்.