கண் இல்லாத சூளையும் சிவப்பு மஸ்டாங்கும்

இருபத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்!

பீங்கான் கம்பெனி முதலாளி ஆனந்தராஜ், சூளைக்காரர் கலியமூர்த்திக்குத் தர வேண்டிய எட்டு மாதக் கூலி பாக்கி அது.

2006. மாசி மக லீவு இரண்டு நாள் முடிந்து, அந்தப் பாக்கியைக் கேட்கத்தான் கலியமூர்த்தி காலையிலேயே கம்பெனிக்குள் நுழைந்தார்.

நுழைந்ததும் முதலாளியின் அலறல்!

"ஐயோ... என் மஸ்டாங்கு போச்சே!"

ஷெட் காலி. தார்ப்பாய் மட்டும் தரையில் கிடந்தது.

அறுபத்தேழாம் வருடத்து ஃபோர்டு மஸ்டாங்... மிளகாய்ப்பழச் சிவப்பு... எட்டு சிலிண்டர்... ஸ்டார்ட் செய்தால் ரயில்வே ஜங்ஷன் வரை கேட்கும்! கூலியை நிறுத்தி முதலாளி வாங்கிய வண்டி. ஆனாலும் தினமும் அதைத் துடைத்தது கலியமூர்த்திதான். பெண்டாட்டி ராஜாம்பாளைக்கூட அவர் அவ்வளவு ஆசையாய்ப் பார்த்ததில்லை என்று கம்பெனியில் பேச்சு.

பத்தே நிமிடத்தில் எஸ்.ஐ. வேல்விழி ஜீப்பில் வந்து இறங்கினார்.

"யார் மேல சந்தேகம்?"

ஆனந்தராஜ் விரல் நீட்டினார்.

"இவன்தாங்க மேடம்! ஷெட்டு சாவி எங்கிட்ட ஒண்ணு, இவங்கிட்ட ஒண்ணு. பூட்டு ஒடையல!"

கலியமூர்த்தி இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்துக் காட்டினார்.

வேல்விழி சூளைக்குப் பக்கத்தில் அவர் உட்காரும் மூலையைப் பார்த்தார். சுவரெல்லாம் காலண்டரில் வெட்டி ஒட்டிய கார்கள். ஃபெராரி, போர்ஷே, பழைய ஜாகுவார்...

"என்னங்க... பொண்டாட்டி புள்ளைங்க படம் ஒண்ணுகூட காணோம்?"

"அவங்கள வூட்லயே பாத்துக்கறேங்க மேடம். இதுங்கள இங்கதானே பாக்க முடியும்?"

"பாக்கறதோட நிறுத்தியிருக்கணும். ஜீப்புல ஏறுங்க!"

"ரெண்டு நாளா நான் கருவேப்பிலங்குறிச்சியில மச்சான் வூட்ல..."

"அத ஸ்டேஷன்ல சொல்லுங்க."

ஏறினால் கூலியும் போச்சு, மானமும் போச்சு. கலியமூர்த்தி கடைசியாக ஒரு முறை தன் சூளையைத் திரும்பிப் பார்த்தார்.

பார்த்தவர் அப்படியே நின்றார்.

லீவுக்குப் போகும்போது காலியாகத் திறந்து கிடந்த சூளை... இப்போது வாசலில் செங்கல் அடுக்கி, மண் பூசி மூடியிருந்தது!

"யாருங்க மொதலாளி சூளைய மூடுனது?"

"அது... வெளியாள வச்சு பீங்கான் குழாய் அடுக்கினேன். அவசர ஆர்டரு. உனக்கென்ன?"

கலியமூர்த்தி கிட்டப் போனார். டெம்போவே பின்பக்கமாய் நுழைந்து குழாய் ஏற்றுகிற அகல வாசல். மண் பூச்சைக் கையால் தடவினார். சூளைக்காரன் எவனாக இருந்தாலும், வாசலை மூடும்போது உள்ளே தீயைப் பார்க்க ஒரு செங்கல் அளவுக்குக் கண் விடுவான். மூடிய பிறகு விபூதிப் பட்டை இழுப்பான்.

கண்ணும் இல்லை... பட்டையும் இல்லை!

அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு.

"அவசர ஆர்டருன்னா ஏங்க இன்னும் பத்த வைக்கல? மேடம், ஒரே நிமிஷம். எட்டு மாசம் கூலி வாங்காமலே செஞ்சாச்சு... இத மட்டும் பத்த வச்சிட்டு வந்துடறேன்."

அடுப்பு வாயில் விறகைத் தள்ளினார். மண்ணெண்ணெய் ஊற்றினார். தீப்பெட்டியை எடுத்தார்.

"வே... வேணாம் கலியமூர்த்தி! நாளைக்குப் பாத்துக்கலாம்!"

"ஆர்டரு கை நழுவிப் போயிடும்ங்க!"

குச்சி உரசியது... சர்ர்ர்!

"டேய்! அணைடா! உள்ள டாங்கு நெறைய பெட்ரோல் இருக்குதுடா!"

வேல்விழி மெதுவாகத் திரும்பினார்.

"குழாய்க்கு எதுக்கு சார் பெட்ரோல்?"

கலியமூர்த்தி குச்சியை ஊதி அணைத்தார்.

நாலு வரிசை செங்கல்லைப் பிரித்ததுமே உள்ளே சிவப்பு பளபளத்தது. கூடவே ஆனந்தராஜின் பத்து லட்ச ரூபாய் இன்ஷூரன்ஸ் ஆசையும் வெளியே வந்தது!

"பொய்ப் புகார் வேற... அப்பாவி மேல பழி வேற! ஸ்டேஷனுக்குக் கெளம்புங்க சார். அதுக்கு முன்னாடி இவரு கூலிய எடுத்து வைங்க."

பர்ஸையும் மேஜை டிராயரையும் கவிழ்த்ததில் இருபத்து மூவாயிரத்து ஐந்நூறு தேறியது.

"நூத்தி நாப்பது கொறையுதுங்களே," என்றார் கலியமூர்த்தி, இரண்டு தரம் எண்ணிவிட்டு.

வேல்விழி சிரிப்பை அடக்கிக்கொண்டு, டிராயரில் கிடைத்த கார் சாவியை நீட்டினார்.

"வண்டியும் ஸ்டேஷனுக்கு வரணும். இவ்ளோ ஆசப்பட்டீங்க, நீங்களே ஓட்டிட்டு வாங்களேன்!"

கலியமூர்த்தி தலையைச் சொறிந்தார்.

"எனக்கு சைக்கிள் மட்டுந்தான் ஓட்டத் தெரியும் மேடம்! நான் ஸ்டேரிங்கப் புடிச்சிக்கிட்டு உள்ள உக்காந்துக்கறேன். மொதலாளி ஸ்டேஷன் வரைக்கும் பின்னாடி நின்னு தள்ளட்டும்... அந்த நூத்தி நாப்பதும் நேராயிடும்!"