சீக்கிரம் வந்த ஃபெலிக்ஸ்

ஃபெலிக்ஸ் வந்துவிட்டான், அவன் பைக் சத்தம்தான் வரவில்லை.

சோபியா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐப்பசி மழை, வண்டி எங்காவது நின்றுபோயிருக்கும். பொழுது சாயும் முன்பே புருஷன் குவார்ட்டர்ஸ் வாசலில் நிற்கிறான் என்பதே அவளுக்குப் பெரிய விஷயம். மூன்று மாதமாக ஷிப்ட் முடிந்ததும் அவன் போவது வீட்டுக்கல்ல, சுரங்க மண்மேட்டு அடிவாரத்துக் குட்டைக்கு. மேட்டில் மரக்கன்று வைக்கும் வேலையில் இருந்தபோது அங்கே ஒரு தவளை அவன் கண்ணில் பட்டது. அதைப் பார்க்கப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரபாவதி என்று ஓர் ஆராய்ச்சி மாணவி வந்தாள். ஊர்த்தவளைதான் என்றால் சுரங்கத்துக்காரர்கள் குட்டையை மூடிவிடுவார்கள். தனி இனம் என்று நிரூபித்தால் விட்டுவைப்பார்கள்.

“ரெண்டும் பாக்க ஒண்ணுதான். கத்தறதுலதான் வித்தியாசம். பொட்டத் தவள அந்தச் சத்தத்த வச்சே தன் ஜோடியக் கண்டுபுடிச்சிடும்” என்று சோற்றைப் பிசைந்தபடி ஃபெலிக்ஸ் சொல்வான். சொல்லும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். கல்யாணமான இத்தனை வருஷத்தில் சோபியாவின் மீன்குழம்புக்கு ஒருநாளும் வராத வெளிச்சம் அது. தவளைமேல்கூடவா பொறாமைப்படுவார்கள்? பட்டாள். அந்தப் பெண்மேல் பட்டதோ வயிற்றையே எரித்தது. நேற்று கத்தியே விட்டாள்.

“நாளைக்கும் அவகூட குந்திக்கினு தவளச் சத்தம் கேட்டீங்கன்னா, இந்த வூட்டுப் பக்கமே வராதீங்க.”

வந்துவிட்டான். அந்தப் பெண்ணை விட்டுவிட்டு வந்துவிட்டான். சோபியாவுக்குத் தலைகால் புரியவில்லை.

“சோபி” என்றான், புதுமாப்பிள்ளையாக இருந்தபோது கூப்பிட்ட அதே குழைவோடு. வேறொன்றும் பேசவில்லை. பிளாஸ்டிக் பேசினில் வெந்நீர் ஊற்றி, கால் நனைக்க அவன் காலடியில் வைத்தாள். மழை ஓட்டுக்கூரையில் விடாமல் பெய்துகொண்டிருக்க, எண்ணெய் வாசனைக்கு நடுவே எங்கிருந்தோ பாசி வாடை லேசாக எழுந்து அடங்க, அவள் வடை சுட்டுக்கொண்டு திரும்பியபோது பேசினில் சொட்டுத் தண்ணீர் இல்லை. தரையும் நனையவில்லை. அவன் பாதங்கள் மட்டும் பளபளவென்று உப்பியிருந்தன.

வடையை மெல்லாமல் வாய்க்குள் போட்டான். விழுங்கும்போது இரண்டு கண்களும் முகத்துக்குள் அமுங்கிப் போய், மெதுவாக வெளியே வந்தன.

“என்னங்க, உடம்பு சரியில்லியா?”

“சோபி.”

வாசலில் ஸ்கூட்டர் சத்தம். சோபியா ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். ஓட்டி வந்தவள் பிரபாவதி. பின்னால் இருந்தவன் அவள் தோளைப் பிடித்தபடி இறங்கினான். ஃபெலிக்ஸ்.

“வண்டி நின்னுபோச்சு சோபியா. இன்னையோட சரி, இனிமே குட்டைக்குப் போவல, போதுமா?”

“அக்கா, சார் மேல கோவப்படாதீங்க. நாந்தான் கடைசியா ஒரு தடவ வரச் சொன்னேன்” என்றாள் பிரபாவதி.

சோபியா உள்ளே திரும்பிப் பார்த்தாள், மறுபடி வாசலைப் பார்த்தாள். உள்ளே ஒருத்தன், வெளியே ஒருத்தன். அதே மூக்கு. புருவத்தில் அதே தழும்பு. ஆனால் அவள் கண் வேறெங்கும் போகவில்லை. பிரபாவதியின் தோளில், ஈரச் சுடிதாரில், ஐந்து விரலும் பதிந்திருந்த இடத்திலேயே நின்றது. அவளைத் தொட்டவன் என் புருஷனாக இருக்க மாட்டான். இருக்கக் கூடாது. என் சொல்லைக் கேட்டு வந்தவன் உள்ளே இருக்கிறான்.

“சோபி” என்றது உள்ளிருந்து. அவ்வளவு ஆசையாக.

கதவைச் சாத்தினாள். மேல் தாழ்ப்பாள். கீழ்த் தாழ்ப்பாள்.

“சோபியா! ஏய், தொற! என்னாச்சு?” வெளியே கதவைத் தட்டினான். அவசரத்தில் அவனுக்கு இருமல் வந்தது. சுரங்கத் தூசியின் இருமல். ஒவ்வொரு இரவும் அவள் பக்கத்தில் படுத்து இருமிய இருமல்.

அவள் கை தாழ்ப்பாளுக்குப் பாய்ந்தது.

அந்தக் கையின்மேல் இன்னொரு கை. சில்லென்று. பசைபோல் ஒட்டிக்கொண்டது. இழுத்தாள். வரவில்லை.

பாசி வாடை. முதுகுக்குப் பின்னால்.

திரும்பினாள்.

அதன் உதடுகள் மூடியிருந்தன. தாடைக்குக் கீழே தோல் உப்பியது. இன்னும் உப்பியது. முகத்தைவிடப் பெரிதாக, டியூப்லைட் வெளிச்சம் ஊடுருவ, நீல நரம்புகள் தெரியத் தெரிய. அதற்குள்ளிருந்து அவள் பெயர் வந்தது.