எங்ககூடவே வந்துடு

படகுத்துறைக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல்தான். ஆனால் கால்வாயின் மேல் மூடுபனி அப்பிக்கொண்டு, பொழுது என்னவென்றே தெரியாமல் கிடந்தது. கரையோரமாக நீளநீளமான படகுகள், ஓரங்கட்டிய ரயில் பெட்டிகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. டீசல் வாடை. பாசி வாடை. எங்கோ ஒரு கயிறு கட்டையில் உராய்ந்து முனகிக்கொண்டிருந்தது.

"அடுத்த வாரம் பூரா இதுதாங்க சார், உங்க வீடு. இன்னைக்கு ஓட்டிப் பழகிட்டுப் போங்க" என்று கடைசிப் படகைக் காட்டினார் துறைக்காரர். "ரெண்டு பேர்தானே?"

"ரெண்டு பேர்தான்" என்றான் கணவன்.

அவன் மனைவி குனிந்து கயிற்றைப் பார்த்தாள்.

மூன்று பேர் என்றுதான் முதலில் பேச்சு. பேச்சே அக்காவுடையது. பல் மருத்துவமனையில் உதவியாளராக இருக்கும் இவளைப் படிக்க வைத்து, ஆளாக்கி, கல்யாணம் பண்ணிக் கொடுத்தவள் அக்காதான். பள்ளிக்கூட வேன் ஓட்டியே முதுகு ஒடிந்தவள். "ஒரு தடவையாவது அவசரமே இல்லாத வண்டி ஒண்ண ஓட்டணும்டி. கால்வாய்ல, படகுல, நடக்குற வேகத்துல" என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்லிச் சொல்லி, இவளுக்கும் அந்த ஆசையை ஒட்ட வைத்துவிட்டாள். எந்தக் கால்வாய் வழியாகப் போவது, எங்கே இரவு தங்குவது என்று இருவரும் உட்கார்ந்து பேசாத ஞாயிற்றுக்கிழமை இல்லை.

அப்புறம்தான் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. நாக்கு குழறியது.

"படகுல அவங்கள எப்படி ஏத்துறது, எப்படி இறக்குறது? ராத்திரி பகல்னு பாத்துக்கிட்டே இருக்க. நீயும் கொஞ்சம் மூச்சு விட வேணாமா?" என்றான் கணவன். அவன் சொன்னதில் தப்பில்லை. அவளுக்கும் உள்ளூர அந்த எண்ணம் இருந்தது. அதுதான் வலித்தது.

படகுக் கம்பெனியையே மூடிவிட்டார்கள் என்று அக்காவிடம் சொன்னாள். அக்கா "சரிடி" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்று காலையில்கூட, கணவனின் நண்பர் வீட்டுக்குப் போவதாக இன்னொரு பொய்யைச் சொல்லி, மனசு உறுத்தியதால் அக்காவுக்குத் தலைக்கு ஊற்றிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரியைத் துணைக்கு வைத்துவிட்டு வந்திருந்தாள்.

படகுக்குள் ஒரு குட்டி அடுப்படி, எதிரெதிரே இரண்டு படுக்கைகள், ஒருவர் திரும்பினால் மற்றவர் ஒதுங்க வேண்டிய குளியலறை. எல்லாம் அக்கா சொன்ன மாதிரியேதான் இருந்தது. கணவன் ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து பார்த்துப் பூரித்துப்போனான். அவள் எதிர்ப் படுக்கையின் விரிப்பை நீவிவிட்டாள்.

"வாங்க, ஓட்டிப் பாத்துடுவோம்" என்றார் துறைக்காரர்.

மெதுவாகத்தான் போனது படகு. அவள் கையில் சுக்கான். பனிக்குள்ளிருந்து மரங்கள் வந்தன, போயின. கொஞ்ச தூரத்தில் மதகு வந்தது. முன்னும் பின்னும் இரண்டு பெரிய கதவுகள், நடுவே கிணறு மாதிரி ஒரு கல் தொட்டி. படகு உள்ளே போனதும் பின்கதவைச் சாத்தி, தண்ணீரை வடிய விட்டால், படகு அப்படியே அடுத்த மட்டத்துக்கு இறங்கும்.

"பின்கதவுக்கு அடியில ஒரு கல் திட்டு இருக்கு மேடம். இப்ப தண்ணிக்குள்ள இருக்கு, தெரியாது. படகோட பின்பக்கம் அது மேல உக்காந்துட்டா, தண்ணி இறங்க இறங்க மூக்கு குத்திக் கவுந்துடும். அதனால முன்னாடியே நிறுத்தி வைங்க."

அவள் தலையாட்டினாள். துறைக்காரரும் கணவனும் கதவுகளை இயக்கக் கரையில் ஏறிக்கொண்டார்கள்.

தண்ணீர் வடியத் தொடங்கியது.

படகு இறங்கியது. இரு பக்கமும் கல் சுவர் உயர்ந்தது. பாசி படிந்த சுவரிலிருந்து நீர் சொட்டியது. மேலே வெளிச்சம் ஒரு துண்டாகச் சுருங்கி, அதையும் பனி மூடியது. கணவனின் குரல் எங்கோ கேட்டது, பிறகு அதுவும் இல்லை.

அக்கா இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள்? ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாளா? யாராவது தண்ணீர் கொடுத்திருப்பார்களா?

அந்த நினைப்பிலேயே இருந்தவள், படகு பின்னால் நகர்வதைக் கவனிக்கவில்லை.

ஒரு வாடை வந்தது.

ஈரத் தலைமுடியின் வாடை.

"முன்... னாடி."

பின்னாலிருந்து, காதுக்கு வெகு அருகில். நாக்கு ஒத்துழைக்காத குரல்.

அவள் உடம்பு விறைத்தது.

"முன்... னாடி... போ."

இன்ஜின் பிடியில் இருந்த அவள் கையின் மேல் இன்னொரு கை படிந்தது. பனிக்கட்டி மாதிரி இருந்தது. அந்தக் கை அவள் கையோடு சேர்த்துப் பிடியை அழுத்தியது. இன்ஜின் உறுமியது. படகு உதறிக்கொண்டு முன்னால் போய் நின்றது.

பின்னால் தண்ணீருக்குள்ளிருந்து கல் திட்டு மெல்ல வெளியே வந்தது. கறுப்பாக, நீர் வழிய, படகிலிருந்து ஒரு முழம்கூடத் தள்ளி இல்லை.

அவளுக்குக் கார் ஓட்டப் பழக்கியவள் அக்கா. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, இப்படித்தான், கைமேல் கை வைத்து கியர் போடச் சொல்லிக் கொடுப்பாள். விட்டுவிட்டு வந்த தங்கையைக் காப்பாற்ற இங்கேயும் வந்துவிட்டாளா? பயத்தை முந்திக்கொண்டு அழுகை வந்தது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை.

"மன்னிச்சிடு" என்று முணுமுணுத்தாள். "உன்ன விட்டுட்டு வந்தது தப்புதான். எங்ககூடவே வந்துடு. இனிமே எங்க போனாலும் உன்னையும் கூட்டிட்டுப் போறேன். சத்தியமா."



அவள் கைமேல் இருந்த கை ஒருமுறை இறுகி, விலகியது.

முன்கதவு திறந்தது. பனியோடு கணவனின் சிரித்த முகம் தெரிந்தது. "நல்லாவே ஓட்டுற!"

படகைத் திருப்பிக்கொண்டு துறைக்கு வந்து கயிற்றைக் கட்டும்போது துறைக்காரர் அவள் முகத்தையே பார்த்தார். கணவன் காரை எடுக்கப் போனதும் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மதகுக்குள்ள இருக்கும்போது ஏதாவது பேசுனீங்களா மேடம்?"

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "இல்லையே. ஏன்?"

"ஒண்ணுமில்ல. உள்ள இருக்கிறப்ப பேச வேணாம்னு எல்லார்கிட்டயும் சொல்லிடுவேன். இன்னைக்கு மறந்து தொலைச்சுட்டேன்." அவர் மூச்சை இழுத்து விட்டார். "பேசலன்னா சரி."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் ஒரு முடிவோடுதான் வந்தாள். வாசலில் இறங்கி, செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் அக்காவின் அறைக்கு ஓடினாள். அக்கா சாய்வு நாற்காலியில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் அக்காவின் மடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, சொன்ன பொய்களையெல்லாம் கொட்டிவிட்டாள்.

அக்காவின் இடது கை அவள் தலையைத் தடவியது.

"அன்னைக்கே... தெரியும்டி. பொய் சொன்னா கண்ணாடியத் துடைப்ப." ஒவ்வொரு சொல்லாக இழுத்து வந்தது. "என்கிட்ட... கேட்டிருந்தா... நானே போயிட்டு வாங்கன்னு... சொல்லியிருப்பேன்."

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"இல்லக்கா, நீதான் வந்துட்டியே! மதகுல வந்து என்னைக் காப்பாத்தினியே. கைமேல கை வச்சு, முன்னாடி போன்னு சொன்னியே."

தடவிக்கொண்டிருந்த கை நின்றது.

"நானா?"

"ஆமாக்கா. நான்கூட எங்ககூடவே வந்துடுன்னு கூப்பிட்டேனே."

"நான் எங்கயும் வரலடி. மத்தியானத்துல இருந்து... இவகூடப் பேசிட்டு... இங்கயேதான் இருக்கேன்."

கட்டிலோரம் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுக்காரி ஆமாம் என்று தலையாட்டினாள். அக்கா தங்கையின் முகத்தை நிமிர்த்தினாள். அந்தக் கண்களில் இவள் இதுவரை பார்த்திராத ஒரு பயம்.

"நீ... யாரைடி கூப்பிட்ட?"

அறைக்குள் வந்த கணவன் கையை உதறிக்கொண்டே கேட்டான். "பின் சீட்டுல தண்ணி பாட்டில் ஏதாவது கவுந்துடுச்சா? ஒரு ஓரம் மட்டும் சொதசொதன்னு நனைஞ்சிருக்கு. ஒரே பாசி நாத்தம்."



வீட்டில் இருந்த நாலு பேரும் அந்த அறைக்குள்தான் இருந்தார்கள்.

வெளியே, வாசலில், கார்க் கதவு திறந்தது. பிறகு, யாருக்கும் தொந்தரவாகிவிடக் கூடாது என்பதைப் போல, மெதுவாகச் சாத்தப்பட்டது.