நாலாவது போட்டோ

"ரெண்டே நிமிஷம் சார்... பேசி முடிச்சுக்கிறோம்!"

பன்னிரண்டு வருஷமாக அவன் கேட்டுக்கொண்டிருக்கும் வசனம் இது. இடித்தவரும் சொல்வார், இடிபட்டவரும் சொல்வார். அந்த இரண்டு நிமிஷத்துக்குள் பின்னால் இரண்டு கிலோமீட்டருக்கு வண்டிகள் நின்றுவிடும்.

விரைவுச்சாலையில் வழியை அடைத்து நிற்கும் வண்டிகளை ஓரங்கட்டுவதுதான் அவன் வேலை. பெரிய விபத்துகளுக்கு வேறு ஆட்கள் உண்டு. அவன் பங்குக்கு வருவதெல்லாம் சிராய்ப்புகள்தான். நசுங்கிய பம்பர், உடைந்த விளக்கு, நடுவில் கத்திக்கொண்டு நிற்கும் இரண்டு பேர்.

அன்று காலை எட்டே முக்கால். கொட்டவும் செய்யாமல் நிற்கவும் செய்யாமல் ஒரு மழை. நடுத்தடத்தில் ஒரு சாம்பல் நிறக் காரின் பின்புறத்தை ஒரு சின்ன நீலக் கார் முட்டிக்கொண்டு நின்றது. சாம்பல் காருக்குச் சொந்தக்காரர் டை கட்டியிருந்தார். தான் நனைந்தாலும் பரவாயில்லை என்று குடையைப் பம்பருக்குப் பிடித்திருந்தார்.

"நான் நகர்த்த மாட்டேன். நகர்த்தினா சாட்சி போயிடும். அப்புறம் நான் ரிவர்ஸ்ல வந்து இடிச்சேன்னு அந்தப் பொண்ணு சொல்லும்."

"விரைவுச்சாலையில, அதுவும் இந்தக் கூட்டத்துல ரிவர்ஸ்லயா? அப்படி ஓட்டத் தெரிஞ்சா எங்க ஆபீஸ்ல உங்களுக்கு உடனே வேலை சார்."

டைக்காரர் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக முகத்தை மறுபடி கடுமையாக்கிக்கொண்டார்.

அவன் பையிலிருந்து மஞ்சள் மெழுகுக்கட்டியை எடுத்தான். மழையிலும் அழியாது. குனிந்து, இரண்டு வண்டிகளின் சக்கரங்களைச் சுற்றியும் தரையில் கோடு போட்டான்.

"பாருங்க. எல்லா சக்கரத்துக்கும் கோடு. நாலு மூலைக்கு நாலு போட்டோ. இனிமே வண்டி நகர்ந்தாலும் நின்ன இடம் எங்கேயும் போகாது. போதுமா?"

மூன்று போட்டோ எடுத்துவிட்டு நாலாவதுக்காக நீலக் காரின் பக்கம் வந்தான். ஓட்டுநர் கதவு திறந்திருந்தது. அதன் அருகே அவள் நின்றிருந்தாள். குடை இல்லை. சாவியை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். கேமராவைத் தாழ்த்தியபோதுதான் அந்தக் கண்களைப் பார்த்தான்...

பயம் இல்லை. கோபம் இல்லை. கடைசி பஸ் போய்விட்டது என்று தெரிந்தும் நிறுத்தத்தை விட்டுப் போகாதவர்களின் கண்கள். இமைகளில் மழை நின்றது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு.

"ஓரமா எடுத்துடுங்க மேடம்."

"கால் நடுங்குது..."

"சாவியைக் குடுங்க. நான் எடுக்கறேன்."

அவள் சாவியை ஒரு முறை பார்த்தாள். கொடுக்க மனமில்லாமல் கொடுத்தாள்.

உட்கார்ந்தான் என்பதைவிட உள்ளே விழுந்தான் என்பதுதான் சரி. சீட் அவ்வளவு பின்னால் இருந்தது. முதுகுப்பக்கம் ஒரு தலையணை வேறு. அவன் ஒன்றும் நெடியவன் இல்லை. அக்கா வீட்டு மேல் அலமாரிக்கு இன்றும் ஸ்டூல் போடுகிறவன். கால் பிரேக்கை எட்டவில்லை. தலையணையைப் பின்னால் எறிந்தான். சீட்டுக்கு அடியில் கைவிட்டு, நெம்புகோலைத் தூக்கி முன்னால் இழுத்தான். கடக் கடக்கென்று வந்தது. ஆயிரம் வண்டிகளில் செய்தது. கை செய்யும், மனம் கவனிக்காது.

ஓரத்தில் நிறுத்திவிட்டு இறங்கினான். அவள் நனைந்தபடி நடந்து வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"சீட்டைத் தொட்டீங்களா?"

"ஆமா மேடம். கால் எட்டல, அதான்..."

கத்தியிருந்தால் சமாளித்திருப்பான். கத்துகிறவர்களோடுதான் அவன் குடும்பமே நடத்துகிறான். அவள் கத்தவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குந்தினாள்.

"எங்க அண்ணன் வெச்ச சீட்டு அது."

"அவரையே மறுபடி வெச்சுத் தரச் சொல்லுங்களேன்..."

"அவன் இல்ல. ஒன்றரை வருஷமாச்சு." மழையிடம் சொல்வதுபோல் சொன்னாள். "நெஞ்சு வலிக்குதுன்னு அவனே ஓட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். வாசல்ல ஒழுங்கா நிறுத்தி, பூட்டிட்டு, உள்ள போனான். அவ்வளவுதான். அதுக்கப்புறம் அந்த சீட்டை யாரும் நகர்த்தல. நான் தலையணை வெச்சு ஓட்டறேன்."

ஆள் போன வீட்டில் அவர் தேய்த்த சோப்பு கூட அவ்வளவு சீக்கிரம் கரைவதில்லை. யாரும் அதைத் தொடுவதில்லை, அதனால்தான். அவனுக்கு அது தெரியும். அம்மா போன பிறகு அவள் கண்ணாடிக்கூட்டை இரண்டு வருஷம் சமையலறை ஜன்னலிலேயே விட்டு வைத்திருந்தான். கால்விரல் நுனியால் பிரேக் பிடித்ததால்தான் இந்தப் பெண் இடித்தாள் என்பதும் புரிந்தது. சொல்ல வாய் வரவில்லை.

"மூணு பல்," என்றான்.

"என்னது?"

"சீட்டுக்கு அடியில பல் இருக்கு மேடம். இழுத்தா ஒவ்வொரு பல்லா நகரும். மூணு பல்தான் இழுத்தேன். எண்ணிக்கிட்டே இழுத்தேன். இதோ..."

குனிந்து, சத்தமாக எண்ணிப் பின்னால் தள்ளினான். ஒண்ணு... ரெண்டு... மூணு.

அவன் எண்ணவே இல்லை. மூன்றோ, நாலோ, ஆறோ... யாருக்குத் தெரியும்! அந்தக் கண்களை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியவில்லை, அவ்வளவுதான்.

அவள் தலையணையை எடுத்து வைத்து உட்கார்ந்தாள். பிரேக் மேல் காலை வைத்தாள். வைத்தபடியே இருந்தாள். கண்ணாடி துடைப்பான் நாலு முறை போய் வந்தது.

"சரி," என்றாள். "அதே இடம்தான்."

*

மத்தியானம் ஆபீஸில் போட்டோக்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது நாலாவது போட்டோவில் கை நின்றது.

திறந்த கதவு வழியே சீட்டும், அதன் கீழே கால்மிதியும் தெளிவாக விழுந்திருந்தன. கால்மிதியில் வட்டமாக ஒரு காப்பிக் கறை. முழு வட்டம். ஆனால் 'மூணு' என்று எண்ணித் தள்ளிவிட்டு எழுந்தபோது அவன் பார்த்தது அரை வட்டம்தானே... மீதி சீட்டுக்கு அடியில் மறைந்திருந்ததே!

பெரிதாக்கிப் பார்த்தான். இன்னும் இரண்டு பல் பின்னால் போயிருக்க வேண்டும்.

செத்துப்போன ஒருவனின் இடத்தில் தன் பொய்யை உட்கார வைத்துவிட்டு வந்திருக்கிறான்.

இன்சூரன்ஸுக்காக நாலு போட்டோவையும் இரு தரப்புக்கும் கொடுக்க வேண்டும் என்பது விதி. வியாழக்கிழமை அவள் வந்தாள். அவன் மூன்றைக் கொடுத்தான்.

"நாலு மூலைக்கு நாலுன்னு சொன்னீங்க?"

"ஒண்ணு... மழையில சரியா விழல. தேடிப் பாக்கறேன்."

"பாருங்க. நான் மறுபடி வரேன்." போக எழுந்தவள் அவன் முகத்தையே உற்றுப் பார்த்தாள். "உங்க கண்ணாடி கோணலா இருக்கு. எத்தனை நாளா இப்படி?"

"கண்ணாடி நேராத்தான் இருக்கு மேடம். காதுதான் கோணல். பிறவியிலேயே."

அவள் சிரித்தாள். அந்தக் கண்களுக்குச் சிரிக்கத் தெரியும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை... பையிலிருந்து தீக்குச்சி அளவு திருப்புளி ஒன்றை எடுத்தாள்.

"கழட்டிக் குடுங்க. கண்ணாடிக் கடையிலதான் எனக்கு வேலை. ரெண்டு கண்ணுக்கு நடுவுல எத்தனை மில்லிமீட்டர்னு அளக்கறதே பொழப்பு. ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் மக்கள் தலைவலியோட திரும்பி வந்துடுவாங்க."

ஒரு மில்லிமீட்டர்! அவன் ஏமாற்றியிருப்பது இரண்டு விரல் அகலம். கண்ணாடி இல்லாமல் மங்கலாகத் தெரிந்த அவளைப் பார்த்துக்கொண்டு, குற்றவாளிபோல் உட்கார்ந்திருந்தான்.

அடுத்த வாரமும் வந்தாள். அதற்கடுத்த வாரமும். "கிடைச்சுதா?" "இல்லீங்க, தேடறேன்." பிறகு காகிதக் கோப்பையில் இயந்திரத் தேநீர். அண்ணன் கார் ஓட்டும்போது விசிலடிப்பானாம், அதுவும் சுருதி விலகி. அம்மா காரை விற்கச் சொல்கிறாளாம். "வித்துடலாம்தான்... வாங்கறவன் ஏறின உடனே சீட்டை நகர்த்துவானே..." என்று தேநீரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவன் தன் கோப்பையைக் கீழே வைத்தான்.

அக்காவின் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"என்னடா, கண்ணாடி நேரா நிக்குது? யாரு நிமித்தினது?"

மறைக்கப் பார்த்தான். முடியவில்லை. சாப்பிட்டு முடிப்பதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

"போட்டோவைக் குடுத்துடு," என்றாள் அக்கா.

"குடுத்தா அப்புறம் வர மாட்டாக்கா."

"குடுக்கலைன்னா? அவ வந்து பாக்கறது உன்னையா, உன் பொய்யையா?"

அவன் தட்டையே பார்த்தான்.

"ஊர் வண்டியெல்லாம் ஓரங்கட்டுவே. நீ மட்டும் நட்டநடு ரோட்டுல நில்லு." தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இரவெல்லாம் யோசித்தான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சேர்ந்த களைப்பெல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்ததுபோல் இருந்தது. ஒரு கீறலுக்காக மல்லுக்கட்டி நிற்கும் எத்தனை பேரைப் பார்த்து மனதுக்குள் சிரித்திருக்கிறான்! 'ஒத்துக்கிட்டு நகர வேண்டியதுதானே' என்று... ஒத்துக்கொள்வது இவ்வளவு கஷ்டமா?

*

நாலாம் வாரம். சாயங்காலம். அதே மழை. அவள் கார் ஆபீஸ் வாசலில் நுழையும்போதே அவன் குறுக்கே போய்க் கையைக் காட்டினான். அவள் கார் ஜன்னலை இறக்கினாள்.

"என்னாச்சு? கிடைச்சுதா?"

"தொலையவே இல்ல," என்று உறையை நீட்டினான்.

அவள் பிரித்தாள். பார்த்தாள். விரல் நேராக அந்தக் கறைக்குப் போனது.

"இது... போறதுக்கு முந்தின வாரம் கொட்டினான். அம்மா கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டான்..."

"மூணு பல்னு சொன்னது பொய்ங்க," என்றான். நிறுத்தினால் மறுபடி தைரியம் வராது. "நான் எண்ணவே இல்ல. நீங்க அப்படி உக்காந்துட்டீங்களா... ஏதோ ஒண்ணைச் சொன்னேன். அஞ்சு இழுத்து மூணு தள்ளியிருக்கேன். இந்தப் போட்டோவுல தெரிஞ்சுடும்னு ஒளிச்சு வெச்சேன். அது முதல் வாரம். அப்புறம் வெச்சுக்கிட்டது... குடுத்துட்டா நீங்க வரக் காரணம் இல்லாம போயிடுமேன்னு. உங்களைப் பாக்கணும்போல இருந்துச்சு. இப்பவும் இருக்கு. திட்டறதுன்னா திட்டிடுங்க."



"ஒன்றரை வருஷமா," என்றாள் அவள், போட்டோவைப் பார்த்தபடியே, "பிரேக்கை விரல் நுனியாலதான் தொட்டேன். அன்னிக்கு நீங்க மூணுன்னு எண்ணித் தள்ளினப்புறம் பாதம் பாதி பட்டுச்சு. மில்லிமீட்டர் அளக்கறவளுக்கு அது தெரியாதா?"



"அப்ப... அப்ப ஏன் அதே இடம்தான்னு சொன்னீங்க?"

"களைப்பா இருந்துச்சு." குரல் உடைந்தது, உடைந்தாலும் நிற்கவில்லை. "நானா நகர்த்தினா அவனை நானே தள்ளி விட்ட மாதிரி. யாராவது தெரியாம நகர்த்திட மாட்டாங்களான்னு எத்தனை நாள் நினைச்சிருக்கேன் தெரியுமா? நீங்க நகர்த்தினீங்க. முதல்ல உயிரே போயிடுச்சு. அப்புறம்... பாதம் பட்டப்போ அப்பாடான்னு இருந்துச்சு. அந்த அப்பாடாவுக்காக வீட்டுக்குப் போய் அழுதேன்."

அவன் கதவைத் திறந்து, "ஒரு நிமிஷம் இறங்குங்க," என்றான். தன் மழைக்கோட்டை அவள் தலைக்கு மேல் பிடித்துக்கொள்ளக் கொடுத்துவிட்டு ஈரத்தரையில் மண்டியிட்டான். போட்டோவைப் பார்த்துக்கொண்டு சீட்டைத் தள்ளினான். இந்தத் தடவை நிஜமாகவே எண்ணினான். ஒண்ணு. ரெண்டு. காப்பிக் கறை முழு வட்டமானது. மஞ்சள் மெழுகுக்கட்டியை எடுத்து, சீட் நகரும் தண்டவாளத்தில் அழுத்தி ஒரு கோடு போட்டான்.

"இது அவரு இடம். குறிச்சாச்சு. இனிமே..."

"நகர்ந்தாலும் நின்ன இடம் எங்கேயும் போகாது," என்று அவள் முடித்தாள். "அன்னிக்கு அந்த டைக்காரர்கிட்ட நீங்க சொன்னது எனக்கும் கேட்டுச்சு."

அவள் உள்ளே உட்கார்ந்தாள். தலையணையை எடுத்துப் பின் சீட்டில் வைத்தாள். குனிந்து நெம்புகோலைத் தேடினாள். அவன் உதவப் போகவில்லை. கடக்... கடக்... கடக்... வேண்டிய அளவுக்குத் தானே இழுத்துக்கொண்டாள். பாதம் முழுதாகப் பிரேக்கில் பதிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"மூணு போட்டோ குடுத்தப்பவே திருட்டு முழி. நாலாவதுக்காகத்தான் வாராவாரம் வந்தேன்னு நினைச்சீங்களா?"

"வேற எதுக்கு?"

"காது கோணலா, கண்ணாடி கோணலான்னு முடிவாகல இன்னும்." பக்கத்து இருக்கையில் கிடந்த பையை எடுத்துப் பின்னால் போட்டாள். "மழையில நிக்காம ஏறுங்க."

"அந்த சீட் எப்படி இருக்கோ..."

"அது யாரும் வெச்சது இல்ல. உங்களுக்கு எட்டற மாதிரி வெச்சுக்கங்க."

பின்னால் ஹாரன் அலறியது. வாசலை முழுதாக அடைத்துக்கொண்டு அவர்கள் நிற்க, ஆபீஸின் இழுவை வண்டி உள்ளே வர வழியில்லாமல் உறுமியது. அதற்கும் பின்னால் இன்னும் மூன்று வண்டிகள். டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"யோவ்! ஊருக்கெல்லாம் சொல்றவன் நீயா இப்படி நிக்கற? ஓரங்கட்டுய்யா!"

பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவன் கையை உயர்த்திச் சொன்னான்...

"ரெண்டே நிமிஷம் அண்ணே... பேசி முடிச்சுக்கிறோம்!"