துவக்கைக் கழுவியது யார்?

"என்ட மனுசன் ஆளைச் சுடல்ல, சேர். சுட்டது ஆரெண்டு கண்டுபிடிச்சித் தாங்க."

செருப்பைக் கழற்றும் முன்பே பவுலினா இதைச் சொல்லிவிட்டாள். பரமநாதன் கதிரையைக் காட்டினார். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து மதுரங்குளிக்கு வந்த அவர் ஓய்வுபெற்ற பொலிஸ் இன்ஸ்பெக்டர். சண்டை முடிந்து மூன்று வருடமாகியும் திரும்பிப் போகவில்லை. பக்கத்துக் கடையில் ஆணி, பெயின்ற் விற்கும் நூர்தீன், அவரிடம் யாராவது வழக்கென்று வந்தால் கடையைப் பூட்டிவிட்டு வந்துவிடுவார். ஆக்கப் பொறுத்தாலும் ஆறப் பொறுக்காத மனிதர். அன்றும் தேத்தண்ணீர்க் கோப்பையோடு அங்கேதான் இருந்தார்.

பவுலினாவின் கணவன் அல்பேட், கடலுக்குப் போவதை விட்டுவிட்டு முந்தலில் ரெஜினோல்ட் முதலாளியின் இறால் பண்ணைக்குக் காவல்காரனாகப் போனவன். இறால் கள்ளரை வெருட்டுவதற்காக முதலாளி தன் தகப்பன் காலத்துச் சுழல்துப்பாக்கி ஒன்றையும், அதோடு கிடந்த பழைய ஈயக்குண்டுத் தோட்டாக்களையும் அவனிடம் கொடுத்திருந்தார். போன சனிக்கிழமை காலையில் இருவருக்கும் வாய்த்தர்க்கம். பின்னேரம் முதலாளி பண்ணை வரம்பில் சுடப்பட்டுக் கிடந்தார். முதலில் கண்டதும் அல்பேட்தான். அவரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இடுப்பில் இரத்தம் தோய்ந்த சாரத்தோடு வீட்டுக்கு ஓடிவந்தான். பெண்சாதியிடம் ஒரு வார்த்தை சொல்வதற்குள் பொலிஸ் ஜீப் வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது. துப்பாக்கி வீட்டில் இருப்பதை அவனே சொன்ன பிறகு, மறுநாள் வந்து அதை எடுத்தார்கள்.

"துவக்கு கழுவிக் கிடந்ததாம். கழுவினவன்தான் சுட்டவன் எண்டு பொலிஸ் சொல்லுது," என்றாள் பவுலினா. "ஆரோ அதைக் களவா எடுத்துச் சுட்டுப்போட்டு, குழலுக்குள்ள அப்பிக் கிடந்த கறுப்பையெல்லாம் கழுவி, திரும்பக் கொண்டுவந்து வச்சிரிக்காங்க."

பரமநாதன் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "போய்ப் பாப்பம், தங்கச்சி," என்று மட்டும் சொன்னார்.

பொலிஸ் நிலையத்தில், முன்பு அவருக்குக் கீழே வேலை செய்த அதிகாரி துப்பாக்கியை மேசையில் வைத்தார். கைப்பிடி மரம் தண்ணீர் குடித்து ஊதியிருந்தது. சுழலும் அறை ஒன்றுக்குள் தேங்காய்த் தும்பு இழை ஒன்று ஒட்டியிருந்தது. குழலுக்குள் முனையிலிருந்து முனைவரை செந்துரு பிடித்திருந்தது.

"இதுக்கு அல்பேட் என்ன சொல்லுறான்?"

"பச்சைப் பொய், சேர். 'குழல் நிறையக் கிறீஸ் அடைச்சு வச்சிருக்கிறன், அது அப்பிடியே கிடக்கும், போய்ப் பாருங்க, அதால நான் எப்பிடிச் சுடுறது' எண்டான். போய்ப் பாத்தம். ஒரு பொட்டுக் கிறீஸ் இல்லை." அதிகாரி சிரித்தார்.

முதலாளியின் உடலிலிருந்து எடுத்த குண்டையும் காட்டினார். மெத்தென்ற ஈயம். எலும்பில் பட்டு, மிதிபட்ட அவித்த மரவள்ளிக் கிழங்கு போலாகியிருந்தது. எந்தக் குழலால் வந்ததென்று சொல்ல ஒரு கீறலும் அதில் மிஞ்சவில்லை.

"தகப்பன் விட்டுட்டுப் போனது இந்த ஒரு றிவோல்வர்தானோ?"

"இரண்டு. இதே மாதிரி மற்றது முதலாளியின்ர தம்பிக்காரன் கிளமென்ட்டிட்ட இருந்தது. போன மாசம் வள்ளத்தால களப்புத் தண்ணிக்குள்ள விழுந்திட்டுதாம். முறைப்பாடும் குடுத்திருக்கிறார்."

"பண்ணை இனி ஆருக்கு?"

"தம்பிக்குத்தான், சேர்."

வெளியே வந்ததும் நூர்தீன் துள்ளினார். "அவன்தான் சேர்! இன்னம் என்னத்துக்கு நிக்கிற? போய்ப் பிடிப்பம்!"

"களப்பு பெரிசு, நூர்தீன். அதுக்குள்ள தேடி எடுக்கிற வரைக்கும் அது அவர் சொல்லுற மாதிரி விழுந்ததுதான். முதல்ல கழுவினது ஆரெண்டு பாப்பம்."

மறுநாள் விளக்கமறியல் சிறையில் அல்பேட்டைக் கண்டார்கள். இளைத்துப்போயிருந்தான். கிறீஸ் அடைத்தது உண்மையா என்று பரமநாதன் கேட்டார்.

"ஓம் சேர். கச்சான் காத்துக்கு வள்ளத்தைக் கரையில ஏத்தினா எஞ்சினுக்குள்ள கிறீஸ் அடைச்சுத்தானே வைப்பம். உப்புக்காத்து இரும்பைத் திண்டுரும். துவக்கும் இரும்புதானே எண்டு செஞ்சன்."

"அப்ப அதைக் கழுவினது ஆர்?"

அல்பேட் தரையைப் பார்த்தான். "தெரியா, சேர்."

அங்கிருந்து நேரே பவுலினாவின் வீட்டுக்குப் போனார்கள். களப்போரத்துக் குசினியில் அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பரமநாதன் சத்தம் போடவில்லை.

"தங்கச்சி, துவக்கைத் துடைச்ச துணி எங்க?"

நூர்தீனின் வாய் பிளந்தது. பவுலினாவின் கையிலிருந்த மீன் சட்டிக்குள் விழுந்தது.

"துவக்குப் பழகினவன் கைப்பிடியைத் தண்ணியில போடமாட்டான்," என்றார் பரமநாதன். "கம்பியில துணி சுத்தித் துடைப்பான், கடைசியில எண்ணெய் பூசுவான். இதைக் கழுவினவர் சட்டி கழுவுற மாதிரி முழுசாத் தண்ணிக்குள்ள போட்டு, தும்பால தேச்சு, எண்ணெய் காட்டாமல் வச்சிருக்கிறார். அதுதான் துரு. அதோட, குழலுக்குள்ள கறுப்பு அப்பியிருந்தது எண்டு நீங்கதான் எனக்குச் சொன்னீங்கள். பொலிஸ் பாக்கேக்க அது வெறுங்குழல். கழுவினவருக்குத்தான் கறுப்புத் தெரியும்."

அவள் மறுக்கவில்லை. விறகுக் கட்டுக்குப் பின்னாலிருந்து பழைய சாரத் துண்டு ஒன்றை இழுத்துக் கொடுத்தாள். பரமநாதன் அதை வெயிலில் விரித்து, மடிப்பு மடிப்பாகப் பார்த்து, விரலால் தேய்த்து மணந்தார்.

"நூர்தீன், ஈயக்குண்டு சுட்டால் ரெண்டு அழுக்கு வரும். ஒண்டு வெடிமருந்துக் கரி, அது கழுவப் போகும். மற்றது குண்டின்ர தோல். மெத்தென்ற ஈயம் குழலுக்குள்ள வெட்டியிருக்கிற தவாளிப்புக் கோடுகளில அடிப்பிடிச்ச சோறு மாதிரி ஒட்டியிருக்கும். பித்தளைத் தூரிகையால சுரண்டவேணும். சுரண்டாமல் தும்பால தேச்சாலும் வெள்ளிப்பொடி கொஞ்சமாவது துணியில மினுங்கும். இதில ஒண்டுமில்லை. முழுக்கக் கிறீஸ், பழசாகிக் கறுத்த கிறீஸ். அந்தத் துவக்கால அண்டைக்கு ஒருத்தரும் சுடேல்லை."

பவுலினா அந்தத் துண்டைப் பறித்து மூக்கில் வைத்தாள். வள்ளக்காரன் பெண்சாதிக்கு அந்த மணம் தெரியாமலிருக்குமா? ஆனால் அன்று அவள் அதைக் குப்பிவிளக்கு வெளிச்சத்தில், கட்டினவனின் இரத்தச் சாரத்தைக் கண்ட கண்ணோடு, மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் ஊற்றித் தேய்த்தாள். பயந்த கண்ணுக்குக் கிறீஸும் கரியும் ஒன்றுதான். பாவம், பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்துவிட்டது. அவனைக் காப்பாற்றக் கிடந்த ஒரே சாட்சியான அந்தக் கிறீஸை அவளே தேய்த்துக் கழுவி முற்றத்தில் ஊற்றிவிட்டாள்.

"துணி இரிக்கே!" என்றார் நூர்தீன். "கோட்டுல குடுப்பம். தங்கச்சி வந்து சொல்லட்டும்!"

"சொல்லுறன், சேர்! என்னைப் பிடிச்சி உள்ளுக்குப் போட்டாலும் சொல்லுறன்!"

பரமநாதன் குசினி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "துணியை எந்த வீட்டிலயும் கிறீஸில தோய்க்கலாம் எண்டு சொல்லுவாங்கள். குழல் துருவேறிப் போச்சு, அதில ஈயம் இருந்ததோ இல்லையோ எண்டு இனி ஒருத்தரும் சத்தியம் பண்ண ஏலாது. மிச்சம் உங்கட வாய்தான். கூண்டில ஏறினால் அவங்கள் கேக்கிற முதல் கேள்வி, என்னத்துக்குக் கழுவினீங்கள் எண்டு. என்ன சொல்லுவீங்கள்?"

"அவர் சுட்டுட்டார் எண்டு நினைச்சி..."

"அதைத்தான் எழுதிக்கொள்ளுவாங்கள். கூட இருந்த பெண்சாதியே அப்பிடி நினைச்சாள் எண்டு."

சுட்டது தம்பிக்காரன் என்று தெரியும், பண்ணைக்காகச் செய்தான் என்றும் தெரியும். தெரிந்து என்ன பயன்? பரமநாதனுக்குத் தன்மீதே கோபம் வந்தது. துணியை மடித்துப் பைக்குள் வைத்தார். சட்டத்தரணியிடம் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். அவர் குரலில் அவருக்கே நம்பிக்கையில்லை.

"நான் அப்பிடி நினைச்சது அவருக்குத் தெரியுமா, சேர்?"

இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பரமநாதனுக்கு அது வரவில்லை.

"தெரியும், தங்கச்சி. துவக்கு கழுவிக் கிடந்தது எண்டு பொலிஸ் சொன்ன உடனயே விளங்கியிருக்கும். வீட்டில வேற ஆர் இருந்தது? ஆனால் இண்டுவரைக்கும் அவர் ஒருத்தருக்கும் உங்கட பேரைச் சொல்லேல்லை."

பவுலினா அழவில்லை. சட்டிக்குள் கிடந்த மீனை எடுத்தாள், திரும்பவும் வைத்தாள்.

"நாளைக்கு அவரைப் பாக்க விடுவாங்களாம்," என்றாள். "நான் போய் என்ன சொல்லுற, சேர்?"