ஆறு பேர் சேர்ந்தால்தான் வண்டி

பல் டாக்டரும் அவர் மனைவியும் அந்தத் தீவு நகரத்தில் போய் இறங்கியபோது மழை பெய்துகொண்டிருந்தது. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. அங்கே மழை நின்றால்தான் ஜனங்கள் வெளியே வந்து, என்ன ஆச்சோ என்று வானத்தைப் பார்ப்பார்கள். துறைமுகத் தெரு முனையில் பழைய மூன்று மாடி விடுதி. படியில் கால் வைத்தால் பஞ்சை மிதித்ததுபோல் மரம் உள்வாங்கியது. ஒன்பதாம் அறை. தலையணையில் ஈரச் சாக்கு வாசனை.

டாக்டருக்கு ஊரைப் பார்க்கும் ஆசை கிடையாது. ஊர் அவருக்கு வெறும் தங்குமிடம். ஒரு மணி நேரப் பயணத்தில் மலைக்காடு. அந்தக் காட்டில் நீலக் கழுத்துள்ள ஒரு சின்னப் பறவை. கொட்டும் மழையில்தான் அது தரைக்கு இறங்கும். அதைப் பார்க்கப் பதினோரு வருஷமாகத் தவம் கிடந்தார். பல் பிடுங்கும்போதுகூட அதைப் பற்றித்தான் பேசுவார். வாயைத் திறந்து வைத்திருப்பவர்கள் குறுக்கே பேச முடியாது அல்லவா. ஆஸ்பத்திரிக்கு ஏழு நாள் பூட்டு. "இதோட சரி. அடுத்த லீவுல இருந்து நான் சொல்ற ஊருக்குத்தான் போகணும்" என்பது மனைவியின் நிபந்தனை.

காட்டுக்குப் போக விடுதி வண்டி ஒன்றுதான் வழி. ஆறு பேர் சேர்ந்தால்தான் அது புறப்படும். முதல் நாள் நாலு பேர் சேர்ந்தார்கள். இரண்டாம் நாள் ஏழு பேர் சேர்ந்து, மழையைப் பார்த்ததும் மூன்று பேர் மறுபடி படுக்கப் போய்விட்டார்கள். மூன்றாம் நாள் இவர்கள் இருவர் மட்டும். நாலாம் நாள் டாக்டரின் செருப்பில் காளான் முளைத்தது. புத்தகத்தை விரித்து அது என்ன வகை என்று பார்த்தார். அதுவரை அவர் கண்ட இயற்கை அது ஒன்றுதான்.

ஐந்தாம் நாள் காலை கீழே இறங்கியபோது மூன்று அக்கா தங்கைகள் தொப்பியும் பையுமாக உட்கார்ந்திருந்தார்கள். டாக்டருக்கு உயிர் வந்தது. விடுதியின் வரவேற்பு மேசைக்காரர் அதை உடனே வாங்கிக்கொண்டார்.

"அஞ்சு பேர் சார். வண்டி போகாது."

"ஆறாவது சீட்டுக்கும் நானே காசு குடுத்துடறேன்."

"காசு யார் கேட்டா? ஆள் வேணும்."

"எங்க நடு தங்கச்சியை ரெண்டு ஆளா எழுதிக்கங்க," என்றாள் மூத்தவள். "உக்காந்தா அவ்வளவு இடம் எடுத்துக்குவா."

"நீ பேசற பேச்சுக்கு உன்னை மூணு ஆளா எழுதலாம்," என்றாள் நடு தங்கை.

டாக்டரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அந்த விடுதிப் பட்டியலில் பெயர் எழுதும் வழக்கம் இல்லை. அறை எண்ணும் உறவும் மட்டும்தான். அது அவருக்கு அப்போது வசதியாகப் பட்டது.

"எழுதுங்க. ஒன்பதாம் ரூம். என் மனைவியோட அண்ணன். நேத்து ராத்திரி வந்து சேர்ந்தார்."

மேசைக்காரர் பேனாவைத் தூக்கியபடியே அவரைப் பார்த்தார். "நல்லா யோசிச்சுத்தானே சொல்றீங்க? எழுதிட்டா அடிக்க முடியாது சார்."

"எழுதுய்யா."

எழுதினார்.

வண்டியில் மனைவி காதோடு சொன்னாள்: "ஒத்தைப் பிள்ளையா வளர்ந்தவ நான். நாப்பத்திநாலு வயசுல எனக்கு அண்ணன் பிறந்திருக்கான்."

"பிள்ளை பிறந்தா சந்தோஷப்படணும்."

"உங்களுக்கு என்னைக்காவது வாயாலதான் வினை."

டிரைவர் ஆளுக்கொரு மழைக்கோட்டு கொடுத்தார். கரும்பச்சை, கணுக்கால் வரை நீளம். தொப்பியை இழுத்துவிட்டால் மூக்கு நுனி மட்டும்தான் தெரியும். யார் யாரென்று கட்டினவனுக்கே தெரியாது. காட்டு வாசலில் குறுக்குக் கட்டை. தகரக் கொட்டகைக்குள்ளிருந்து காவலர் ஒரு பிரம்போடு வந்தார்.

"எத்தனை பேர் உள்ள போறீங்களோ அத்தனை பேர் வெளிய வரணும். ஒருத்தர் கொறைஞ்சாலும் கட்டை தூக்க மாட்டேன். எல்லாரும் இங்கதான்."

இந்த விதியை டாக்டரிடம் யாரும் சொல்லவில்லை. காவலர் ஒவ்வொரு தோளாகப் பிரம்பால் தட்டிக்கொண்டு வந்தார்.

"ஆறு. போங்க."

டிரைவரையும் சேர்த்து எண்ணிவிட்டார் என்று டாக்டர் முடிவு கட்டினார். அரைத் தூக்கத்தில் வேலை பார்க்கும் காவலர்கள் நீடூழி வாழட்டும் என்று மனதுக்குள் வாழ்த்திவிட்டு நடந்தார்.

காட்டுக்குள் மழை பெய்யவில்லை, வடிந்தது. ஓர் இலை இன்னோர் இலைக்குக் கொடுக்க, அது அடுத்ததற்குக் கொடுக்க, கடைசியில் கழுத்துக்குள் வந்து சேர்ந்தது. காலை பத்து மணிக்கு விளக்கு வைக்கிற இருட்டு. அழுகிய இலை வாசனை. அதற்கும் கீழே, நனைந்த துணியைப் பெட்டிக்குள் பூட்டி மறந்துவிட்டால் வருமே, அந்த வாசனை.

டாக்டர் மற்றவர்களை ஒரு மரத்தடியில் நிற்கச் சொல்லிவிட்டு முன்னால் போனார். விழுந்து கிடந்த மரத்துக்குப் பின்னால் மண்டியிட்டார். கால் மணி நேரம். அட்டை இரண்டு, அவர் கணுக்காலில் விருந்து முடித்து விழுந்தன.

பிறகு அது வந்தது. கண்முன்னே, இலைச் சருகின் மேல், நீலம்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு பைனாகுலரைக் கண்ணில் வைத்தார்.

வட்டம் முழுக்க ஈரமான பச்சைத் துணி.

யாரோ குறுக்கே நிற்கிறார்கள். பதினோரு வருஷம் காத்து, ஐந்து நாள் காளான் வளர்த்து, கடைசியில் ஒரு முதுகு.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன்," என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

பச்சைத் துணி தள்ளி நின்றது.

பறவை போய்விட்டிருந்தது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் என்று பைனாகுலரை இறக்கினார். எதிரே யாரும் இல்லை. திரும்பினார். ஐம்பது அடி பின்னால், அதே மரத்தடியில், மனைவியும் மூன்று சகோதரிகளும் பிஸ்கட்டைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நாலு பேர்.

மறுபடி முன்னால் பார்த்தார். எங்கும் சொட்டுகள் நேராகத் தரைக்கு விழுந்தன. ஓரிடத்தில் மட்டும் விழவில்லை. ஆள் தோள் உயரத்தில் நின்று, அங்கிருந்து இரண்டு பக்கமும் வழிந்து, மெல்ல இறங்கின.

"எப்ப வந்தீங்க?" என்று டாக்டரின் வாய் தானாகக் கேட்டது.

வழிவது ஓர் அடி நெருங்கியது.

திரும்பும் வழியில் டாக்டர் எல்லோரையும் விரட்டினார். "இவருக்கு வயித்துல ஏதோ கோளாறு," என்று மூத்தவள் முடிவு சொன்னாள். வாசலில், கட்டைக்கு அந்தப் பக்கம், வண்டிக்குள் டிரைவர் வாயைப் பிளந்து தூங்குவது நன்றாகத் தெரிந்தது.

காவலர் தட்டினார். ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. டாக்டரின் தோளில் அஞ்சு.

ஆறாவது தட்டும் விழுந்தது. ஈரத் துணியில் விழும் சத்தம்.

டாக்டர் திரும்பவில்லை. வாயை மட்டும் திறந்தார்.

"என்ன சார், கணக்கு தப்பா?" காவலரின் கை கட்டையின் மேல் இருந்தது. "ஒருத்தர் கொறையுதா?"

இது எங்கள் ஆள் இல்லை என்று அங்கே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஐந்து பேர், கட்டை தூக்காது, இருட்டும்வரை அந்தக் கொட்டகையில் அதோடு உட்கார வேண்டும்.

"சரியாத்தான் இருக்கு," என்றார்.

வண்டியில் மனைவி ஜன்னலோரம் ஒதுங்கி, நடுவே இடம் விட்டாள்.

"ஏன் தள்ளி உக்கார்ற?"

"நெருக்கியடிச்சா உக்கார முடியும்?" என்றாள், வெளியே பார்த்தபடி. அந்த இடத்தில் இருக்கைத் துணி மெல்லக் கறுத்தது.

விடுதியில் இறங்கியதும் டாக்டர் நேரே மேசைக்குப் பாய்ந்தார்.

"அந்த ஆறாவது ஆளை அடிங்க. பொய் சொல்லிட்டேன். அப்படி ஒருத்தர் இல்ல."

"அடிக்கணும்னா அவர் கையெழுத்து போடணும் சார்."

"இல்லாத ஆள் எப்படிய்யா கையெழுத்து போடுவான்?"

"அதைக் காலையில யோசிச்சிருக்கணும்." மேசைக்காரர் சுவரில் சாவி தொங்கும் கொக்கிகளைப் பார்த்தார். ஒன்பதாவது கொக்கி காலி. "இப்பத்தான் அம்மாவும் அவரும் மேல போனாங்க."

அறையில் மூன்றாவது கட்டில் போட்டிருந்தது. மனைவி துண்டோடு குளியலறைக் கதவருகே நின்றாள். உள்ளே தண்ணீர் ஓடியது.

"அண்ணே, போதும். வெளிய வா."

"யாரைக் கூப்பிடற?"

"என்னங்க, விளையாடறீங்களா?"

"உனக்கு ஏதுடி அண்ணன்?"

அவள் அவரைப் புதிய ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "மரத்துல இருந்து விழுந்து கால் ஒடிஞ்சப்ப மூணு மைல் என்னைத் தோள்ல தூக்கிட்டு வந்தவன். நூறு தடவை சொல்லியிருக்கேனே."

நூறு தடவை சொல்லியிருக்கிறாள். நூறு தடவையும் தூக்கி வந்தது அவள் அப்பா.

டாக்டர் வராந்தாவுக்கு ஓடி மாமியாருக்குப் போன் போட்டார். இதை ஒரு வார்த்தையில் தீர்த்துவைக்கக்கூடிய ஆள் உலகத்தில் அவர் ஒருவர்தான்.

"அத்தை, ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு ஒரே பொண்ணுதானே?"

உள்ளே குளியலறைத் தாழ்ப்பாள் விலகியது.

"என்ன மாப்பிள்ளை, இப்படிக் கேக்கறீங்க?" என்றார் மாமியார். "பக்கத்துல இருந்தா அவன்கிட்ட குடுங்க. தலையைத் துவட்டினானான்னு கேக்கணும்."

டாக்டர் போனைக் காதிலிருந்து எடுப்பதற்குள், பின்னாலிருந்து ஓர் ஈரக் கை அதை வாங்கிக்கொண்டது.

"சொல்லும்மா," என்றது.