நீல நிற முழுக்கைச் சட்டை

"அந்தச் சட்டைய கழட்டுடி மொதல்ல! உன்னப் பாத்தா எனக்கு வேர்த்து ஊத்துது!"

அடுப்படி வாசலில் நின்று ரோசம்மாள் போட்ட சத்தத்தில், இட்லித் துணியைப் பிழிந்துகொண்டிருந்த தேவியின் கை அப்படியே நின்றது.

கழனி வேலைக்குப் போகிற பெண்கள் புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை மாட்டிக்கொள்வது செலியமேட்டில் வழக்கம்தான். வெயிலும் நெல் சுணையும் மேலே படாது. ஆனால் கரையேறியதும் கழற்றி உதறிவிடுவார்கள். தேவியோ பத்து நாளாய்ப் புருஷனுடைய பழைய நீலச் சட்டையை வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு திரிந்தாள். சமைக்கும்போதும் அதுதான், படுக்கும்போதும் அதுதான். அதுவும் சித்திரை மாதத்தில்!

"இருக்கட்டும் அண்ணி... கொசு கடிக்குது..."

"எரியற அடுப்புகிட்ட இன்னாடி கொசு?"

ரோசம்மாள் தேவியின் நாத்தனார். தாயில்லாத தம்பி ஜெயசீலனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். புருஷன் செத்த பிறகு, ஒரு செவலைப் பசுவை ஓட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்கே வந்து சேர்ந்தாள். அவள் சொல்லுக்கு அந்த வீட்டில் மறுசொல் கிடையாது. தம்பி மகள் ஜோஸ்பின் கம்யூனிட்டி காலேஜில் லேப் டெக்னீசியன் படிப்பில் சேர்ந்தபோது, அந்தச் செவலையைத்தான் விற்றுக் கொடுத்தாள். கொடுத்ததென்னவோ மனசாரத்தான். ஆனால் அன்றிலிருந்து செவலையின் பேச்சு இல்லாமல் அந்த வீட்டில் ஒரு வேளைச் சோறு இறங்கியதில்லை.

"செவலை இருந்திருந்தா இந்நேரம் வூடு நெறைய கன்னுக்குட்டி... பக்கத்து வூட்டு அருள்மொழி கம்பெனிக்குப் போயி ஸ்கூட்டி வாங்கிட்டா. நம்ம பொண்ணு இன்னும் பஸ்ஸுக்கு நிக்குது. படிச்சி முடிச்சி லேப்ல சேந்தாலும் கம்பெனில குடுக்கறத விடக் கம்மிதான் குடுப்பானாமே? எங்கியாவது தடுமாறட்டும், அன்னிக்கே கம்பெனி வண்டில ஏத்தி வுட்டுடுவேன்!" என்பாள்.

அந்தச் சம்பளக் கேள்வி தேவிக்கும் உண்டு. பதில்தான் தெரியாது. கம்பெனி வேலை கம்பெனியோடு போய்விடும், கையில் கற்றுக்கொண்ட தொழில் போகிற ஊரிலெல்லாம் கூடவே வரும் என்று மட்டும் அவள் நம்பினாள்.

"குடுடி இப்படி!"

நகர்வதற்குள் ரோசம்மாள் சட்டைக் கையைப் பிடித்து மேலே இழுத்துவிட்டாள். மணிக்கட்டுப் பொத்தான் தெறித்து விழுந்தது.

"மாதாவே!"

தேவியின் முழங்கை மடிப்பு முழுவதும் ரத்தம் கட்டிக் கன்றிப்போயிருந்தது. ஓரிடத்தில் கருநீலம், ஓரிடத்தில் பச்சை, பழையது மஞ்சளாய் வெளுத்திருந்தது. இன்னொரு கையையும் இழுத்துப் பார்த்தாள். அதுவும் அப்படியே! யார் செய்திருப்பார்கள் என்று அவள் யோசிக்கவே இல்லை. குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடித்த தம்பி அவளுக்குத் தெரியும். போன தவக்காலத்தில் வில்லியனூர் மாதா கோயிலில் சத்தியம் செய்து, ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்ட தம்பியும் தெரியும். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு!

வாசலில் ஜெயசீலன் கரணையையும் மட்டப்பலகையையும் வண்டியில் கட்டிக்கொண்டிருந்தான். கொத்தனார் வேலைக்குக் கிளம்புகிற நேரம்.

பளார் என்று ஓர் அறை!

"அக்கா!"

"அக்கான்னு கூப்புடாதடா! மாதா பேர்ல சத்தியம் பண்ணிட்டு மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? அவ கையப் பாருடா பாவி! மாட்டக்கூட மனுசன் இப்படி அடிக்கமாட்டான்டா!"

ஜெயசீலன் கன்னத்தைப் பிடித்தபடி மனைவியின் கைகளைப் பார்த்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"நா... நா தொடக்கூட இல்லக்கா... தேவி, இது இன்னாது? சொல்லு! நா அடிச்சனா?"

தேவி வாயைத் திறந்தாள். கதவுக்குப் பின்னால் காலேஜ் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஜோஸ்பின் நின்றிருந்தாள். 'சொல்லிடாதம்மா' என்று தலையை ஆட்டினாள். சொன்னால் மகள் படிப்பு போகும். சொல்லாவிட்டால் புருஷன் பழியைச் சுமப்பான். ஒரு நாள்தானே... சாயங்காலம் அவன் காலில் விழுந்து சொல்லிவிடலாம்... தேவி தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த மௌனம் ஜெயசீலனை அறையை விட மோசமாக அடித்தது.

"ஓகோ... நீயும் வாயத் தெறக்கமாட்டியா?" அவன் கழுத்திலிருந்த ஜெபமாலையைக் கழற்றி, மாதா படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டினான். "அடிக்காதவன அடிச்சவன்னு சொல்றீங்க இல்ல? அப்ப குடிக்காதவன் குடிச்சிட்டே வரேன்! சாராயக்கட ஒண்ணும் தூரத்துல இல்ல!"

வண்டி உறுமியது. எத்தனை வருஷக் கண்ணீருக்குப் பிறகு திருந்தி வந்த மனுஷன்! தேவி ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்று, இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு அடிக்கல அண்ணி! கனவுல கூட அடிக்கல! நம்ம ஜோஸ்பின்தான் குத்துனா!"

"இன்னா...து?" ரோசம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டாள். "பெத்த பொண்ணு தாயக் குத்தினாளா? ஐயோ, உலகம் அழிஞ்சு போச்சா!"

"ஊசியால அத்தை... ஊசியால..." ஜோஸ்பின் அழுதபடி வெளியே வந்தாள். "ஆஸ்பத்திரி ட்ரெய்னிங்ல ஒரு தாத்தாக்கு ரத்தம் எடுக்கப் போயி நரம்பு தப்பிடுச்சி. அவரு கத்துன கத்துல அன்னிலருந்து எனக்கு கை நடுங்குது. கை நெலைக்காம பேஷண்ட்ட தொடக்கூடாதுன்னு மேடம் சொல்லிட்டாங்க. இன்னிக்கு பக்கத்துல நின்னு பாக்கறாங்க. இன்னிக்கும் நடுங்குச்சின்னா இந்த வருசம் அவ்ளோதான்..."

"காலேஜில ரப்பர் கை இருக்குதாம் அண்ணி," என்றாள் தேவி. கண்ணீரைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டாள். "அதுல குத்துனா இவளுக்கு நடுங்கலியாம். மனுசன் கைன்னாதான் நடுங்குதாம். அதான் என் கைய நீட்னேன். வேணாம்னுதான் அழுதா... நாந்தான் விடல. வித்துட்ட செவலைக்கி நா இன்னா பதில் சொல்றது? உங்ககிட்ட இன்னா சொல்றது? அந்த பயத்துலதான் அண்ணி மறைச்சேன்... வேற ஒண்ணுமில்ல..."

ஜெயசீலன் வண்டியை அணைத்திருந்தான்.

ரோசம்மாள் விறுவிறுவென்று உள்ளே போனாள். முடிந்தது, பெண்ணின் துணிமணியை மூட்டை கட்டப் போகிறாள், கம்பெனிக்குத்தான் என்று தேவி நினைத்தாள். ஆனால் திரும்பி வந்தவள் கையில் ஜெபமாலை இருந்தது. தம்பியின் கழுத்தில் போட்டாள். அறைந்த கன்னத்தைத் தடவினாள்.

"மன்னிச்சிக்கடா சாமி... உன்ன வளத்த கையே உன்ன நம்பலடா..."

பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, புடவைத் தலைப்பை ஒதுக்கிவிட்டுக் கையை நீட்டினாள்.

"வாடி இங்க. குத்து."

"அத்தை!"

"சுகர் டெஸ்ட்டுக்குப் போனா நரம்பே கெடைக்கலன்னு தேடித் தேடிக் குத்துவாளுங்க. இந்தக் கையில எடுத்துட்டா நீ எந்தக் கையிலயும் எடுப்ப. உம்... பஸ் வந்துடும்!"

ஜோஸ்பின் கையைக் கழுவிக்கொண்டு புது ஊசியைப் பிரித்தாள். ரப்பர் பட்டையைக் கட்டி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக் குத்தினாள். ஒன்றும் வரவில்லை. அவள் விரல்கள் வெடவெடத்தன. உருவிப் போட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள்.

"என்னால முடியாது அத்தை... செவலைய வித்தது வீணாப்போச்சி... நா கம்பெனிக்கே போயிடறேன்..."

"அடி செருப்பால!" என்றாள் ரோசம்மாள். வலியில் அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "பால் கறக்கப் பழகறப்ப மாட்டுகிட்ட எத்தன ஒத வாங்கியிருக்கேன் தெரியுமா? செம்பு ஒருபக்கம், நா ஒருபக்கம் வுழுவேன். ஒத வாங்காம எந்தத் தொழிலுடி கைக்கு வரும்? இன்னொரு ஊசி எடு. கண்ணால தேடாத. மடிய தடவற மாதிரி வெரலால தடவிப் பாரு."

ஜோஸ்பின் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த கைக்கு மாறினாள். கண்ணை மூடி விரலால் மெதுவாகத் தடவினாள். ஓரிடத்தில் விரல் நின்றது. குத்தினாள். கருஞ்சிவப்பாய் ரத்தம் ஊசிக் குழலுக்குள் ஏறியது. கை நடுங்கவில்லை!

"அம்மா..." என்றாள் நம்ப முடியாமல்.

"எறும்பு கடிச்ச மாதிரிதான்டி இருந்துச்சி," என்ற ரோசம்மாள் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே எழுந்து, தேவியைக் கட்டிக்கொண்டாள். "பால்மாடு குடுத்ததை மட்டும் சொல்லிச் சொல்லிக் காட்டனேன்டி... ரத்தம் குடுத்தவ வாயத் தெறக்காம இருந்துட்டியேடி..."

இருவரும் அழுத அழுகையைப் பார்த்து ஜெயசீலன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "ஏறும்மா, பாகூர் பஸ் ஸ்டாப் வரைக்கும் நா கொண்டாந்து வுடறேன்" என்று மகளை ஏற்றிக்கொண்டு போனான். நாளைக்கு லேப்காரன் எவ்வளவு கொடுப்பான் என்ற கேள்விக்கு இன்னும் பதில் இல்லைதான். அன்று காலை அதை யாரும் கேட்கவில்லை.

வண்டி மறைந்ததும் ரோசம்மாள் கையை நீட்டினாள்.

"அந்தச் சட்டைய குடுடி."

"எதுக்கு அண்ணி?"

"எதுக்கா? பொண்ணு ஒருநாள் எடுத்துட்டா கத்துக்கிட்டதா ஆயிடுமா? இனிமே கொஞ்ச நாளைக்கு என் கை. உன் கை ஆறட்டும்."

தேவி மறுத்துப் பார்த்தாள். நடக்கவில்லை. ரோசம்மாள் நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு, கைகளை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட வந்த அருள்மொழியின் அம்மா காசம்மாள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னா ரோசம்மா, இந்த வெயில்ல நீயும் சட்டைய மாட்டிக்கிட்ட?"

ரோசம்மாள் தேவியை ஒருமுறை பார்த்தாள்.

"கொசுடி... ஒரே கொசு!"